மருந்துக்குக் காசில்லை, வழியெல்லாம் காசு

கேள்வி: அன்புள்ள அக்கா, நாங்கள் விசுவமடுவில் இருக்கிறோம். 2009 இல் ஷெல் துண்டு பட்டதில் என் கணவருக்கு இடுப்புக்குக் கீழே இயக்கம் இல்லை. இரண்டு பிள்ளைகள். நான் தோட்டக் கூலிக்கும், காலத்தில் கச்சான் ஆயவும் போகிறேன். இரண்டு மாதமாக அவருக்குப் பின்பக்கத்தில் படுக்கைப் புண். பெரியாஸ்பத்திரிக்கு ஓட்டோவில் போய்வர 5,000 ரூபா. போன தடவை கதீற்றர் (சலம் போகிற குழாய்) முடிந்துவிட்டது, வெளியில் வாங்குங்கள் என்று துண்டு எழுதித் தந்தார்கள். தோட்டை அடகு வைத்துவிட்டேன். இந்த மாதக் கிளினிக்கை விடுவோம் என்று அவரே சொல்கிறார். இலவச வைத்தியம் என்கிறார்களே, எங்களுக்கு மட்டும் ஏன் கடன் ஏறுகிறது? அவருடைய கதிரையின் படமும் அனுப்பியிருக்கிறேன். – விசுவமடு வாசகி

பதில்: தங்கச்சி, கிளினிக்கை விட வேண்டாம். மற்றதெல்லாம் பிறகு பேசுவோம், இதை முதலில் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

எனக்கு 2009 பங்குனியில் மாத்தளனில் இடது கால் போனது, முழங்காலுக்குக் கீழே. அப்போது அங்கே பள்ளிக்கூடம்தான் ஆஸ்பத்திரி. அங்கிருந்து செஞ்சிலுவைக்காரரின் கப்பலில் புல்மோட்டைக்குக் கொண்டுபோனார்கள். இந்தியாவிலிருந்து வந்த வைத்தியர்கள் புண்ணைத் திரும்பத் துப்பரவாக்கித் தைத்தார்கள். ஒருவரும் ஒரு சதம் கேட்கவில்லை. செலவு தொடங்கியது ஊருக்குத் திரும்பிய பிறகுதான். 2012 இல் ஒரு நாற்பது தாள் கொப்பியில் கோடு கீறிக் கணக்கு எழுதத் தொடங்கினேன். பஸ், ஓட்டோ, கூட வந்த அம்மாவின் மத்தியானச் சாப்பாடு, அம்மா கூலிக்குப் போகாத நாள், பஞ்சு, பிளாஸ்ரர். மருந்துக்கென்றும் ஒரு நிரல் கீறியிருந்தேன். வருடக் கடைசியில் பார்த்தால் அந்த நிரலில் ஓர் எழுத்துக்கூட இல்லை. மற்ற எல்லாம் நிரம்பிக் கிடந்தது.

உங்கள் கடனும் அப்படித்தான் ஏறுகிறது. நடக்கிறவர் பஸ் ஏறிப் போகிற தூரத்துக்கு உங்கள் வீட்டுக்காரருக்கு ஓட்டோ வேண்டும், தூக்கி ஏற்ற ஓர் ஆள் வேண்டும். உங்கள் கடிதத்தில் 5,000 ரூபா என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு நீங்கள் இழந்த கூலியை எழுதவே இல்லை. அதுவும் செலவுதான் தங்கச்சி. மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவு 7,500 ரூபாவாக இருந்து, 2025 இல்தான் 10,000 ஆனது. இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தால் அது முடிந்துவிடும். நீங்கள் சீராகச் செலவழிக்கத் தெரியாதவர் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள்.

இனி அந்தப் படம். சக்கர நாற்காலியில் ரயர் ரியூபை வளையமாகச் சுற்றிச் சீலை கட்டி வைத்திருக்கிறீர்கள். புண்ணுக்கு அழுத்தம் வராது என்று நினைத்துத்தான் செய்திருப்பீர்கள், பலரும் செய்கிறார்கள். இன்றைக்கே எடுத்துவிடுங்கள். வளையம் சுற்றிவர நெரித்து, நடுவிலுள்ள சதைக்கு இரத்தம் போகவிடாமல் தடுக்கும். புண் ஆறுவதற்கு வேண்டியதே அந்த இரத்தம்தான். ஆறும்வரை கதிரையில் இருக்கிற நேரத்தைக் குறைத்து, அவரைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். இரவிலும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திருப்பிவிட வேண்டும். இது உங்களுடைய நித்திரை, எனக்குத் தெரியும். பிள்ளைகளில் மூத்தது பெரிசென்றால் முன்னிரவில் ஒரு தடவை அது செய்யட்டும். கதிரையில் இருக்கிற கொஞ்ச நேரத்திலும் கால் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை இரண்டு கையையும் ஊன்றி அவர் தன்னைத் தூக்க வேண்டும், இல்லாவிட்டால் முன்னுக்குச் சாய வேண்டும். அழுத்தத்தை எடுக்காமல் எந்த மருந்து போட்டாலும் புண் மூடாது.

சாப்பாட்டில் ஒரு முட்டை, நெத்தலி, பயறு, கௌபி, ஏதாவது ஒன்று நாளாந்தம் அவருக்குப் போகட்டும். புண்ணில் சதை வளர அது வேண்டும். கதீற்றருக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்திருந்தால் அதையும் விடச் சொல்லுங்கள். புண் மணத்தாலோ, கறுத்தாலோ, நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ விடியட்டும் என்று இருக்க வேண்டாம். 1990 க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸுக்குக் காசில்லை.

போய்வருகிற செலவைக் குறைக்கத்தான் நிறைய இடம் இருக்கிறது. நீங்கள் முல்லைத்தீவு மாவட்டம், தருமபுரம் கிளிநொச்சி மாவட்டம். அதனாலேயே பக்கத்திலிருக்கும் தருமபுரம் ஆஸ்பத்திரியை விசுவமடுச் சனம் பலர் கணக்கில் எடுப்பதில்லை. அரசாங்க ஆஸ்பத்திரிக்கு மாவட்ட எல்லை கிடையாது. அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் ஒன்று கேளுங்கள்: “புண்ணுக்கு மருந்து கட்டவும் கதீற்றர் மாற்றவும் கிட்டவுள்ள ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் தாருங்கள்.” கேட்டால்தான் எழுதுவார்கள். பெரியாஸ்பத்திரிக்கு வைத்தியர் பார்க்க வேண்டிய நாளில் மட்டும் போனால் போதும். அந்த நாளிலும், உங்கள் பக்கத்தில் இதே கிளினிக்குக்குப் போகிற இன்னொருவர் இருந்தால் இரண்டு பேருக்கும் ஒரே திகதி போட்டுத் தரச் சொல்லுங்கள். வாகனக் காசு பாதியாகும்.

கதீற்றர் முடிந்துவிட்டது என்று துண்டு தந்தால், அதை வாங்கிக்கொண்டு பேசாமல் வெளியே வராதீர்கள். கையிருப்பில் இல்லாததை ஆஸ்பத்திரியே வெளியில் வாங்கிக் கொடுக்க உள்ளூர்க் கொள்வனவு என்று ஒரு முறை இருக்கிறது. எல்லா நேரமும் சரிவராது. ஆனாலும் வைத்தியரிடம் அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். நான் ஒருமுறை துண்டோடு பாமசி வாசல்வரை போய், மனம் கேட்காமல் திரும்பி வந்து கேட்டேன். அரை மணித்தியாலம் நிற்க வைத்தார்கள். பிறகு கிடைத்தது. அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது, நாங்கள் வாய் திறக்காமல் எத்தனை தடவை காசு கொடுத்திருக்கிறோம் என்று.

பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடமும் போக வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய செயலகம் மாதக் கொடுப்பனவைத் தவிர வைத்திய உதவி, வீடு திருத்த உதவி, உபகரணம் என்றும் கொடுக்கிறது. அவற்றுக்குத் தனித்தனி விண்ணப்பம். மெத்தைக்கும் கதிரைக் குஷனுக்கும் அங்கேதான் கேட்க வேண்டும். சத்திரசிகிச்சை தேவை என்று சொன்னால் ஜனாதிபதி நிதியத்துக்கும் எழுதலாம். அதற்குக் கொழும்புக்கு அலையத் தேவையில்லை, 2025 மாசி தொடங்கி பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பம் எடுக்கிறார்கள். எங்கே போனாலும் கிளினிக் கொப்பி, விதானையாரின் கடிதம், அடையாள அட்டை மூன்றிலும் இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒரு பிரதிக்காகத் திருப்பி அனுப்பினால் இன்னொரு நாள் கூலி போய்விடும்.

மாங்குளத்தில் உயிரிழை என்றோர் அமைப்பு இருக்கிறது. முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களே நடத்துவது. அங்கே உங்கள் வீட்டுக்காரர் பேசட்டும், நீங்கள் அல்ல. தன்னைப் போல இன்னொருவர் கதிரையிலிருந்து புண்ணைப் பற்றிச் சொல்கிறபோது, மனைவி சொன்னால் கேளாதவரும் கேட்பார்.

கேள்வி: அக்கா, 2011 இல் போட்ட பொய்க்கால் வெடித்துவிட்டது. தனியாரிடம் கேட்டால் இலட்சக் கணக்கில் சொல்கிறார்கள். வட்டிக்கு எடுத்துச் செய்யவா? – ஒட்டுசுட்டான் வாசகர்

பதில்: வட்டிக்கு எடுக்க வேண்டாம் தம்பி. யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் 1987 இலிருந்து இந்த வேலையைத்தான் செய்கிறது. என் காலும் அங்கே செய்ததுதான். முதலில் தொலைபேசியில் பேசித் திகதி எடுங்கள். காசு இல்லை என்பதை முதல் பேச்சிலேயே சொல்லுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அளவெடுக்க, போட்டுப் பார்க்க, நடந்து பழக என்று ஒரு நாளில் முடியாது. அதனால் யாழ்ப்பாணத்தில் தங்க ஓர் உறவுக்காரர் வீட்டையும் பார்த்து வையுங்கள். வெடித்த காலைக் கம்பி கட்டிப் போட்டுக்கொண்டு வயலுக்குப் போக வேண்டாம். வெட்டிய இடத்தில் ஒரு புண் வந்தால் அது ஆறும்வரை புதுக் காலுக்கு அளவெடுக்க மாட்டார்கள். போகும்போது அந்தப் பழைய காலையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் நீங்கள் எப்படி நடக்கிறீர்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும்.