ஊடாடும் கதையில் நிபந்தனை வாசகத்தைச் சிக்கலில்லாமல் எழுதுவது எப்படி?

வாசகர் தரும் கட்டளைக்கேற்ப நகரும் கணினிக் கதைதான் ஊடாடும் கதை. அதில் கதையின் நிலைக்கேற்ப மாறும் வரிதான் நிபந்தனை வாசகம். விளக்கு எரிந்தால் ஒரு வர்ணனை, அணைந்தால் வேறொன்று. இத்தகைய கதைகளை எழுதுவதற்காக 2006-இல் வெளியான இன்ஃபார்ம் 7 என்ற நிரல்மொழியில் இதை மேற்கோள்குறிக்குள்ளேயே சதுர அடைப்பில் எழுதலாம்.

ஒரு நிபந்தனை இருக்கும்வரை சரி. விளக்கு, கதவு, பூனை என்று மூன்று சேர்ந்தாலே 8 விதமான பத்திகள் உருவாகும்! எல்லாவற்றையும் ஒன்றுக்குள் ஒன்றாகத் திணித்தால், எந்த நிலையில் இடைவெளி விடுபடுகிறது, எதில் முற்றுப்புள்ளி இரண்டாகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

அதனால் ஒவ்வொரு நிபந்தனையையும் தனியாக எழுதி, அதற்கொரு பெயர் வையுங்கள். பத்தியில் அந்தப் பெயர் மட்டும் வந்தால் போதும். சட்டைக்குக் கையைத் தனியாக வெட்டித் தைத்து, அப்புறம் உடலோடு இணைப்பதுபோல. முடிந்தவரை ஒவ்வொரு துண்டும் முழு வாக்கியமாக இருக்கட்டும். என் அனுபவத்தில் பாதிப் பிழைகள் அதிலேயே போய்விடும்.

ஒருமுறை முடிவான வாசகம் அப்படியே நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது திரையில் வரும் ஒவ்வொரு முறையும் நிபந்தனை புதிதாகச் சரிபார்க்கப்படுகிறது.