தினம் 5 பேசேஜ் போட்டும் மார்க் ஏன் நகரவில்லை?

கேள்வி: கணவரின் ஏற்றுமதி வியாபாரத்தையொட்டி சீனாவில் யிவூ நகரில் வசிக்கிறோம். எதிர்வீட்டுச் சீனப் பையன் 8-ஆம் வகுப்பு படிக்கிறான். வார்த்தைகளை நன்றாக மனப்பாடம் செய்கிறான், இலக்கணத்தில் முழு மார்க். ஆனால் இங்கிலீஷ் காம்ப்ரிஹென்ஷனில் 15 கேள்விக்கு 8, 9 தான் சரி. தினம் 5 பேசேஜ் போடுகிறான், ஆறு மாதமாக அதே மார்க். என்னைச் சொல்லித்தரக் கேட்கிறார் அவன் அம்மா. எங்கே தொடங்குவது? 20 மார்க் கூடும் என்ற உத்தரவாதத்தோடு 9,800 யுவானுக்கு ஒரு ஏஜென்ட் வகுப்பு தருகிறாராம். சேர்க்கலாமா? நான் ஃபீஸ் வாங்கலாமா?

பதில்: முதலில் அந்த 5 பேசேஜை நிறுத்துங்கள். போடுவது, விடைப் பக்கத்தைப் பார்த்துச் சிவப்பு மையில் டிக் அடிப்பது, அடுத்ததற்குத் தாவுவது. இதற்குப் பயிற்சி என்று பெயரில்லை, இது தினசரிப் பரீட்சை. தெர்மாமீட்டரை மாற்றி மாற்றி வைத்தால் காய்ச்சல் இறங்குமா?

எங்கே அடைபடுகிறது என்று பார்க்க மூன்று நாள் போதும். ஒரே அளவு கடினமான, அவன் பார்க்காத மூன்று பேசேஜ் எடுங்கள், ஒவ்வொன்றும் 250 சொல் அளவில். முதல் நாள் 7 நிமிடம் கெடு வைத்து ஒன்று. இரண்டாம் நாள் கெடு இல்லாமல் ஒன்று. மூன்றாம் நாள் கெடுவும் கிடையாது, அவனுக்குத் தெரியாத எல்லாச் சொல்லுக்கும் அர்த்தத்தை ஓரத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். இரண்டாம் நாள் மார்க் ஏறினால் கோளாறு வேகத்தில். மூன்றாம் நாள்தான் ஏறியது என்றால் சொற்களில். மூன்றாம் நாளும் ஏறவில்லை என்றால், வாக்கியத்தை அவன் பிரிக்கும் விதத்திலோ, விடையைத் தேர்ந்தெடுக்கும் விதத்திலோ பிழை. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இந்தக் கடைசி வகையாகத்தான் தோன்றுகிறது.

இலக்கணத்தில் முழு மார்க் வாங்குகிறவன் வாக்கியத்தைப் பிரிக்கத் தெரியாமல் இருப்பானா என்று கேட்பீர்கள். இருப்பான். இலக்கணக் கேள்வி ஒரு வரி, நான்கு விடை. ஊகித்தே அடித்துவிடலாம். பேசேஜில் வாக்கியம் மூன்று வரி ஓடும்.

தமிழ் பேசுகிற உங்களுக்கு இந்த இடம் சுலபமாகப் புரியும். "நேற்று வந்த பையன்" என்று விவரத்தை முன்னால் வைத்துப் பெயரைப் பின்னால் சொல்கிறோம். சீனமும் அப்படித்தான், "நேற்று வந்த" என்பது முன்னால், "பையன்" கடைசியில். இங்கிலீஷ் மட்டும் தலைகீழ்: தி பாய் ஹூ கேம் யெஸ்டர்டே. சின்ன வாக்கியத்தில் சிக்கல் இல்லை. இதைப் பாருங்கள்: தி ஓல்ட் மேன் ஹூ லிவ்ட் நெக்ஸ்ட் டோர் டு தி கேர்ள் வாஸ் எ டாக்டர். டாக்டர் யார் என்று கேளுங்கள். அந்தப் பெண் என்று சொன்னால் கோளாறு பிடிபட்டது. "வாஸ்" என்ற வினைக்கு ஒட்டி நிற்கும் பெயரைப் பிடித்துக்கொள்கிறான்.

மருந்து பென்சில்தான். ஒரு பெயரை விவரிக்க அதன் பின்னால் ஹூ, விச், தட் வந்தால் அங்கே ஓர் அடைப்புக்குறி திறக்கட்டும், முக்கிய வினைக்கு முன்னால் மூடட்டும். உள்ளே இருப்பதை விரலால் மறைத்துவிட்டு மிச்சத்தைப் படித்தால் கிழவர்தான் டாக்டர் என்று தெரிந்துவிடும். ஒரு பேசேஜில் இப்படி நான்கைந்து வாக்கியம் இருந்தால் அன்றைக்கு அது போதும். இதை ரிலேடிவ் க்ளாஸ், அதாவது பெயரை விவரிக்கும் துணை வாக்கியம், என்று இலக்கணப் பாடமாக எடுக்காதீர்கள், அதைப் பள்ளியில் வேண்டிய மட்டும் எடுத்தாகிவிட்டது. வாக்கியத்துக்கு அர்த்தம் சொல்ல வேண்டும் என்றால் அவன் அம்மாவிடம் சீனத்தில் சொல்லட்டும். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரிய வேண்டியதில்லை. கதை கோர்வையாக இருக்கிறதா என்று கேட்டாலே எங்கே தடுக்குகிறது என்பது காதில் விழுந்துவிடும்.

இன்னொன்று, அவன், அவள், அது மூன்றும் சீனத்தில் எழுத்தில்தான் வேறு. வாயில் மூன்றுமே "தா". அதனால் இங்கிலீஷில் ஹீ, ஷீ, இட் வந்தால் கண் நிற்காமல் ஓடிவிடுகிறது. ஒவ்வொரு பிரதிப்பெயரையும் வட்டமிட்டு, அது குறிக்கும் ஆளுக்கோ பொருளுக்கோ ஓர் அம்புக்குறி போடச் சொல்லுங்கள். 10 பேசேஜ் செய்தால் கண் பழகிவிடும், அப்புறம் விட்டுவிடலாம்.

சொற்களைப் பற்றி ஒரே ஒரு விஷயம். அவன் மனப்பாடம் செய்யும் பட்டியலில் ஒரு சொல்லுக்கு ஒரு சீன அர்த்தம்தான் இருக்கும். 2022-இல் வந்த பாடத்திட்டப்படி 9-ஆம் வகுப்பு முடிவதற்குள் சுமார் 1,600 சொல். அது அவனுக்கு வந்துவிடும். பேசேஜில் அவனைக் கவிழ்ப்பது தெரிந்த சொல்லின் தெரியாத வேலை. புக் என்றால் புத்தகம், ஆனால் டிக்கெட்டை "புக்" செய்தால்? வாட்டர் தண்ணீர், செடிக்கு "வாட்டர்" செய்தால்? ஃபேஸ் முகம், பிரச்சினையை "ஃபேஸ்" செய்தால்? இப்படிப்பட்டதற்குத் தனி நோட்டு போடுங்கள். சொல்லை மட்டும் எழுதக் கூடாது, பேசேஜில் வந்த வாக்கியத்தையே முழுதாக எழுத வேண்டும்.

அடுத்தது விடை தேர்ந்தெடுப்பு. மாணவர்கள் அதிகம் விழும் குழி, பேசேஜில் இருந்த அதே சொற்கள் உள்ள விடையைப் பிடிப்பது. டாம் நீச்சல் குழுவில் சேர வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை, அவனோ நூலகத்தில் உட்காரவே விரும்பினான் என்று பேசேஜ் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டாமுக்கு எதில் ஆர்வம் என்பது கேள்வி. "நீச்சல் குழுவில் சேர விரும்பினான்" என்ற விடையில் பேசேஜின் சொற்கள் அச்சு அசலாக இருக்கும், ஆள் மட்டும் மாறியிருப்பார். சரியான விடையோ "அவனுக்கு வாசிப்பு பிடிக்கும்" என்று வேறு சொற்களில் இருக்கும். வினாத்தாள் அமைப்பவர் வேண்டுமென்றே செய்வது இது. ஆகவே ஒவ்வொரு விடைக்கும் பேசேஜில் ஆதார வரியைக் கோடிட்டு, கேள்வி எண்ணைப் பக்கத்தில் போடாமல் ஏ, பி, சி, டி எதையும் தொடக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிடுங்கள். தப்பான கேள்விக்கு, தான் எடுத்த விடை ஏன் தப்பு என்று ஒரு வரி எழுதட்டும்: ஆள் மாறிவிட்டது, பேசேஜ் சொன்னதைவிட அதிகம் சொல்கிறது, உண்மைதான் ஆனால் கேட்டது அதுவல்ல. இரண்டு வாரத்தில் எது அவனுடைய வழக்கமான சறுக்கல் என்று அந்தத் தாளே காட்டிவிடும்.

கேள்வியை முதலில் படிக்க வேண்டுமா, பேசேஜையா? பல வகுப்புகளில் கேள்வியை முதலில் படி என்று சொல்லித்தருகிறார்கள். 8-ஆம் வகுப்புப் பையனுக்கு அது வேண்டாம். கேள்வியில் இருக்கும் சொல்லைத் தேடிக்கொண்டு பேசேஜுக்குள் போனால், மேலே சொன்ன குழியில்தான் நேராகப் போய் விழுவான். பேசேஜை ஒரு தடவை முழுதாகப் படித்துவிட்டுத்தான் கேள்விக்கு வர வேண்டும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. அதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் விலக்கே விதியாகிவிடும். அறிவிப்பு, விளம்பரம், கால அட்டவணை, டிக்கெட் விலைப் பட்டியல் ஆகியவற்றுக்குக் கேள்வியை முதலில் படிக்கலாம். முதல் பேசேஜ் அடிக்கடி இந்த வகைதான். கட்டம் கட்டியிருக்கும், நேரம், விலை, போன் நம்பர் இருக்கும், முழு வாக்கியம் குறைவாக இருக்கும். ஓர் உதாரணம்: அருங்காட்சியகம், பெரியவருக்கு 60 யுவான், சிறுவருக்கு 30, 6 வயதுக்குக் கீழே இலவசம், சனி ஞாயிறுகளில் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் 10 யுவான் கூடுதல். சனிக்கிழமை இரண்டு பெரியவரும் 5 வயதுக் குழந்தையும் போனால் எவ்வளவு? விடை 140. கொடுத்திருக்கும் மற்ற எண்களைப் பாருங்கள். 120 சனிக்கிழமையை மறந்தவனுக்கு. 150 சனிக்கிழமையையும் வயதையும் மறந்தவனுக்கு. 180 வயதை மட்டும் மறந்தவனுக்கு. ஒவ்வொரு தப்புக்கும் ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள். அதனால் இங்கே கேள்வியைப் படித்து, ஆள், வயது, கிழமை மூன்றையும் அடிக்கோடிட்டுவிட்டுத்தான் பட்டியலுக்குள் போக வேண்டும். அடிக்குறிப்பைக் கட்டாயம் பார்க்க வேண்டும், திங்கள் விடுமுறை போன்றவை அங்கேதான் ஒளிந்திருக்கும். ஆனால் அதே பேசேஜின் கடைசிக் கேள்வி, "இது எங்கே வந்திருக்கும்", "இதை எழுதிய நோக்கம் என்ன" என்று கேட்டால் விலக்கு செல்லாது, முழுதும் படித்தாக வேண்டும். கதை, கட்டுரை, கடிதம், அறிவியல் செய்தி எதற்கும் இந்த விலக்கு இல்லை. பெட்டிக்குள் அச்சடித்திருக்கிறது என்பதற்காகக் கடிதம் விளம்பரமாகிவிடாது.

ஆக, நாளுக்கு ஒரே பேசேஜ். படிக்க, விடை எழுத 8 நிமிடம். ஆதார வரி, அடைப்புக்குறி, தப்பின் காரணம் எல்லாவற்றுக்கும் 20 நிமிடம். அகராதி ஆப் இந்த 20 நிமிடத்தில்தான் திறக்க வேண்டும்.

மிச்ச நேரத்தில் சுலபமான கதைப் புத்தகம். பக்கத்துக்கு 100 சொல் என்றால் தெரியாதது 2-க்கு மேல் போகக் கூடாது. 5 இருந்தால் அது பாடம், பொழுதுபோக்கு அல்ல, ஒரு படி கீழே இறங்குங்கள். கற்பவர் அளவுக்கு எளிமையாக்கிய படிநிலைப் புத்தகங்களில் எத்தனை அடிப்படைச் சொற்கள் என்று பெரும்பாலும் அட்டையில் போட்டிருப்பார்கள். இவனுக்கு 700 சொல் உள்ள படியில் தொடங்கலாம். எதிர்ப்பக்கத்தில் சீன மொழிபெயர்ப்பு அச்சிட்டவற்றை வாங்கினால் ஒரு வெள்ளைத் தாளால் அந்தப் பக்கத்தை மூடுங்கள், இல்லாவிட்டால் கண் அங்கேதான் போகும். 9-ஆம் வகுப்பு முடிவதற்குள் பாடப்புத்தகத்துக்கு வெளியே 1,50,000 சொல் படித்திருக்க வேண்டும் என்று பாடத்திட்டமே சொல்கிறது. 500 நாளில் முடிக்க வேண்டும் என்றாலும் நாளுக்கு 300 சொல், மெதுவாகப் படித்தாலும் 5 நிமிடத்துக்குள் அடங்கும். அந்த 5 நிமிடத்தைப் பள்ளி தருவதில்லை. மாதிரித் தேர்வுக்கு மேல் மாதிரித் தேர்வு வைக்க மட்டும் நேரம் இருக்கிறது. காகிதத்தில் ஓர் எண்ணை எழுதிவிட்டு, அது நடக்கிறதா என்று யாரும் பார்க்காத ஏற்பாடு இது.

வினாத்தாள் வாங்கும்போது ஆண்டைப் பாருங்கள். ஜோங்காவ் எனப்படும் உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வுக்கு யிவூ இருக்கும் செஜியாங் மாகாணம் முழுவதற்கும் 2024 முதல் ஒரே வினாத்தாள். அதற்கு முன்பு நகரத்துக்கு நகரம் வேறு. பழைய தாள் பயிற்சிக்கு ஆகும், ஆனால் கேள்வி அமைப்பு இப்படித்தான் வரும் என்று அதை நம்பக் கூடாது. "இதிலிருந்துதான் வரும்" என்று சீல் வைத்த உறையில் தேர்வுக்கு முன் விற்கும் கணிப்புத் தாள்கள் சுத்த ஏமாற்று.

இனி அந்த ஏஜென்ட். பொது உயர்நிலைப் பள்ளியில் எல்லோருக்கும் இடம் கிடையாது, கிடைக்காதவர்கள் தொழிற்பள்ளிக்குப் போக வேண்டும். அந்தப் பயத்தைத்தான் இவர்கள் காசாக்குகிறார்கள். 2021 ஜூலையில் அரசு, 9-ஆம் வகுப்பு வரையிலான பாட டியூஷன்களை லாப நோக்கமில்லாமல்தான் நடத்த வேண்டும், வார இறுதியிலும் விடுமுறையிலும் நடத்தவே கூடாது என்றது. தேர்வின் நெருக்கடியைக் குறைக்காமல் டியூஷனை மட்டும் தடுத்தால் என்ன ஆகும்? கடையின் முன்வாசல் மூடியது, பின்வாசல் திறந்தது. வீட்டோடு தங்கும் உதவியாளர், நாலைந்து வீடு சேர்ந்து வைக்கும் ஆசிரியர் என்ற பெயர்களில் நடக்கிறது. இப்படிப் பெயர் மாற்றி நடத்துவதற்கும் சேர்த்துத்தான் 2023 அக்டோபர் 15 முதல் அபராத விதிகள் நடைமுறையில் இருக்கின்றன.

20 மார்க் உத்தரவாதம் என்பதை எப்படி அளப்பார்கள் என்று அந்த அம்மாவைக் கேட்கச் சொல்லுங்கள். சேரும்போது அவர்களே ஒரு கடினமான தாள் வைப்பார்கள், முடியும்போது அவர்களே ஒரு சுலபமான தாள் வைப்பார்கள். 20 என்ன, 30-கூட ஏறும். உள்ளே சொல்லித்தரும் "ரகசியம்" பெரும்பாலும் சீனா முழுதும் பிள்ளைகள் வாயில் திரியும் பழைய பாட்டுதான்: மூன்று விடை நீளம், ஒன்று குட்டை என்றால் குட்டையைப் போடு, மூன்று குட்டை, ஒன்று நீளம் என்றால் நீளத்தைப் போடு. இதற்கு 9,800 யுவான்!

முன்பணம் எவ்வளவு கேட்டாலும் ஒரு கணக்கு நினைவிருக்கட்டும். 3 மாதத்துக்கோ 60 வகுப்புக்கோ மேல் ஒரே தடவையில் வாங்க விதியில் இடமில்லை. ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்றால் எழுந்து வந்துவிட வேண்டியதுதான். அனுமதி உள்ள நிறுவனமா என்பதைக் கல்வி அமைச்சகம் பெற்றோருக்கென்று வைத்திருக்கும் ஆப்பில் பார்க்கலாம். தனிநபரின் வீசாட் கணக்குக்கு (சீனாவில் பேசவும் பணம் அனுப்பவும் பயன்படும் ஆப்) பணம் அனுப்பச் சொன்னால் அனுப்பக் கூடாது.

நீங்களும் ஃபீஸ் வாங்காதீர்கள். குடும்ப விசாவில் இருப்பவர் வேலை அனுமதி இல்லாமல் சம்பாதித்தால் 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம், விவகாரம் பெரிதானால் 5 முதல் 15 நாள் காவலும் சேரும். ஏற்பாடு செய்து கொடுத்தவருக்கும் அபராதம் உண்டு. அந்த ஏஜென்ட்டே நாளைக்கு உங்களிடம் "வெளிநாட்டு டீச்சராக வாருங்கள், மணிக்கு 200 யுவான்" என்று வரக்கூடும். மாட்டினால் அவர் போனை எடுக்க மாட்டார்.

அந்த அம்மா ஏற்கெனவே பணம் கட்டிவிட்டார் என்றால், ரசீது, வீசாட் உரையாடல், பணம் போன கணக்கின் பெயர் மூன்றையும் இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கட்டும். பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேட்கட்டும். தரவில்லை என்றால் 12345 என்ற நகர நிர்வாக எண்ணிலும் 12315 என்ற நுகர்வோர் எண்ணிலும் புகார் பதியலாம். ஏஜென்ட் அந்த அம்மாவை வீசாட் குரூப்பிலிருந்து நீக்குவதற்கு முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்தாக வேண்டும்.