பற்று நோட்டுக்காரர்களின் பந்தி

வணக்கம் ஐயா,

குன்னூர் பஸ் நிலையத்துக்கு அருகில் உள்ள பழைய மெஸ்ஸைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, இ-பாஸ் எடுத்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை குடும்பத்தோடு போனோம். என்ன இருக்கிறது என்று கேட்டால் "சாப்பாடு" என்றார் சர்வர். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. இலை போட்டதும் எங்கள் மேசையிலேயே முன்பின் தெரியாத இருவரை உட்காரவைத்தார்கள். சாம்பாரில் பருப்பு கரையாமல் முழுதாகக் கிடந்தது. ஊறுகாய் இருக்கவேண்டிய இடத்தில் சிவப்பாக ஏதோ தேங்காய்த் துவையல். தயிர் அருமை, மறுக்கமாட்டேன். மோர் ஊற்றும்போதே முதுகுக்குப் பின்னால் ஒருவர் வந்து நின்றுகொண்டார். இதில் நீங்கள் கண்ட சிறப்பு என்ன? பழையது என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடுமா?

ம., திருப்பூர்

அன்புள்ள ம.,

உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றவரை எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். காக்கிச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா, கழுத்தில் மப்ளர். பஸ் நிலையத்தில் டைம் கீப்பர். நான் அங்கே முதல்முறை சாப்பிட்டபோது என் பின்னாலும் அவர்தான் நின்றார். எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. அவரைப் பிறகு சொல்கிறேன். முதலில் பருப்பு.

பருப்பு விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. குன்னூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரம். திருப்பூரில் தண்ணீர் நூறு டிகிரியை ஒட்டிக் கொதிக்கிறது என்றால் அங்கே 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊட்டியில் இன்னும் ஒரு டிகிரி குறைவு. பானை தளபுளவென்று கொதிப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், உள்ளே துவரம்பருப்பு அசையாமல் கிடக்கும். அந்தக் காலத்தில் முந்தின இரவே ஊறவைத்து, விடியற்காலையில் சீகைக் கட்டை அடுப்பில் ஏற்றி, மணிக்கணக்காக வேகவைத்திருக்கிறார்கள். ஆனால் குக்கர் நம் ஊருக்கு வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. மலையின் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க முடியாது. அந்த மெஸ்ஸில் பெரிய குக்கர் ஒன்று இருக்கிறது. அதன் காஸ்கெட் போய்ப் பல மாதங்களாகிறது. நான் போயிருந்தபோது அதில் வெங்காயம் கொட்டி வைத்திருந்தார்கள். என் கட்டுரையில் சாம்பாரை நான் புகழவில்லை என்பதைக் கவனித்தீர்களா? குறையைச் சொல்லாமல் நழுவிவிட்டேன். அது தவறு.

நீங்கள் பாராட்டிய தயிர் குளிரின் கொடை. கொடை என்றாலும் சும்மா கிடைப்பதில்லை. அங்கே பால் தானாகத் தோயாது. உறை ஊற்றிய பாத்திரத்தைச் சாக்கில் சுற்றி, வேலை முடிந்த அடுப்பின் ஓரத்தில், சாம்பல் சூடு படுகிற மாதிரி இரவெல்லாம் வைக்கிறார்கள். தோய்ந்த பிறகு வெளியே எடுத்துவைத்தால் மதியம் இரண்டு மணிக்கும் புளிப்பு ஏறாது. நம் ஊரில் பதினொரு மணிக்கே மோர்க்குழம்புக்குத்தான் ஆகும்.

அந்தச் சிவப்புத் தேங்காய் துவையல் இல்லை. சம்பல். உங்கள் கடிதத்துக்குப் பொதுவில் பதில் எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு வரிக்காகத்தான்.

அங்கே சமைப்பவர் ஓர் அம்மா. அவருடைய தாய் இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் அங்கிருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களைப் பற்றி ஒப்பந்தம் போட்டார்கள். அதன்படி இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டியவர்கள் ஐந்தேகால் லட்சம் பேர். தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, கையில் காகிதங்களோடு தமிழ்நாடெங்கும் சிதறினார்கள். தேயிலை வேலை தெரிந்தவர்கள் என்பதால் ஒரு பகுதியினர் நீலகிரிக்கு வந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசு 1968-இல் தேயிலைத் தோட்டங்களை உருவாக்கத் தொடங்கியது. இன்று டான்டீ என்று நாம் தேயிலைப் பொட்டலத்தில் பார்க்கும் பெயருக்கு மூலம் அது. கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கமெல்லாம் அந்தக் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் பெட்டியில் கொண்டுவந்தது அதிகமில்லை. கைப்பக்குவத்துக்குச் சுங்கம் கிடையாதே.

சம்பலை அந்த அம்மா எப்படிச் செய்கிறார் என்று நின்று பார்த்திருக்கிறேன். அம்மியில் முதலில் காய்ந்த மிளகாயும் உப்பும். நன்றாகப் பொடிந்த பிறகு சின்ன வெங்காயம், ஒரே தட்டு. பிறகு தேங்காய்த் துருவல். குழவியை இழுத்து அரைக்கமாட்டார். மேலிருந்து அழுத்தி அழுத்தி எடுப்பார், துருவல் மிளகாயின் நிறத்தை வாங்கிக்கொள்ளும் அளவுக்கு மட்டும். நைந்துவிட்டால் அது துவையல், சம்பல் இல்லை என்று ஒரு உருண்டையை எடுத்துத் தனியே வைத்தது நினைவிருக்கிறது. கடைசியில் எலுமிச்சை பிழிந்து விரல் நுனியால் பிசிறுவார். தாளிப்பு கிடையாது, புளி கிடையாது. இலங்கையில் மாசிக் கருவாடு இடித்துப் போடுவார்கள். இது சைவ மெஸ் என்பதால் அது மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டது. ஊறுகாய் வைக்கும் இடத்தில் இதை வைக்கலாம் என்பது அந்த அம்மாவின் யோசனை. முதலாளி ஒரு வாரம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு ஊறுகாய் வாங்குவதையே நிறுத்திவிட்டாராம். செலவு மிச்சம் என்றும் காரணம் இருக்கலாம்.

தேங்காய் கீழேயிருந்து வருகிறது. வாழை இலையும் அப்படித்தான். காலை பஸ்ஸில் மேட்டுப்பாளையத்திலிருந்து கட்டாக ஏறும். கேரட்டும் முட்டைக்கோசும் எதிர்த்திசையில் லாரியில் இறங்கும். அவற்றில் உடைந்ததும் வெடித்ததும் கடைவீதியில் மலிவாகக் கிடைக்கும், மெஸ்ஸின் பொரியல் பெரும்பாலும் அதுதான். 2009 நவம்பர் மண்சரிவில் மலைப்பாதை அடைபட்டபோது இலை வராமல் எவர்சில்வர் தட்டில் போட்டார்களாம். சாப்பாடு நிற்கவில்லை என்று முதலாளி இன்றும் ஒருவித மிதப்போடு சொல்வார்.

ஏன் நிறுத்தவில்லை என்பதற்குக் கல்லா மேசைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிற நீள நோட்டைப் பார்க்கவேண்டும். சணல் கயிற்றில் கட்டிய பற்று நோட்டு, கடனுக்குச் சாப்பிடுகிறவர்களின் கணக்கு. ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம், ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு. பெயருக்குப் பதிலாகத் தொழில்தான் எழுதியிருக்கிறது: 'ஷெட் பெரியவர்', 'ஷெட் சின்னவர்', 'தபால்', 'ஜீப்', 'டைம்'. ஷெட் என்பது லோகோ ஷெட். மேட்டுப்பாளையத்திலிருந்து பல்சக்கரப் பாதையில் ஏறிவரும் நீராவி இன்ஜினைக் குன்னூரில் கழற்றிவிட்டு, ஊட்டிக்கு டீசல் இன்ஜின் மாட்டுவார்கள். அந்த இன்ஜின்களோடு மல்லுக்கட்டுகிறவர்கள் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் கறுப்பு போகாத கையோடு வந்து உட்காருவார்கள். அவர்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்கத் தேவையில்லை. செவ்வாய் என்றால் வற்றல் குழம்பு, வெள்ளி என்றால் பாயசம். மாதத்தில் இருபத்தைந்து நாள் சாப்பிடுகிறவனுக்கு முன்னால் பதினெட்டு வகைப் பட்டியலை நீட்டினால் அவன் அலுத்துப்போவான். மறுநாள் வயிறு கெடாமல் இருக்கவேண்டும், பொழுதோடு எழுந்து போகவேண்டும், சம்பளம் தாமதமானால் முகம் சுளிக்காமல் கோடு போடவேண்டும். மூன்றையும் அந்தக் கடை செய்கிறது. நீங்களும் நானும் அவர்களுடைய பந்தியில் காலியிடம் பார்த்து உட்கார்ந்தவர்கள், அவ்வளவுதான். உங்கள் மேசையில் வந்து அமர்ந்த இருவரும் அநேகமாக அவர்களுக்கென்று வழக்கமாக உள்ள இடத்தில்தான் அமர்ந்திருப்பார்கள்.

ஆகவே பழையது என்பதாலேயே நல்லதாகிவிடுமா என்று கேட்டால், ஆகாது. நூறு வருஷப் பெயர்ப்பலகையை வைத்துக்கொண்டு ஆறிய சோறு போடுகிற கடைகள் மலையிலும் உண்டு, கீழேயும் உண்டு. எனக்கு அந்த நோட்டுதான் பிடித்தது. அதை எழுதியிருக்கவேண்டும். நானோ "மலைக்குப் போனால் தவறவிடாதீர்கள்" என்று ஒரு வரியைப் போட்டு, வழியும் சொல்லி முடித்தேன்.

அதன் விளைவை டைம் கீப்பர் அனுபவித்தார். அவருக்குச் சாப்பாட்டு நேரம் அரை மணி. கட்டுரை வந்த பிறகு, சனிக்கிழமைகளில் வெளியூர்க் கார்கள் வர ஆரம்பித்தன. குடும்பமாக அமர்ந்து, நிதானமாகப் படம் எடுத்து, இலையைச் சுற்றிப் பேசிச் சிரித்துச் சாப்பிடுகிறார்கள். அதில் குற்றமே இல்லை, விடுமுறைக்கு வந்தவர்கள். ஆனால் இரண்டு சனிக்கிழமை அவர் சாப்பிடாமலே திரும்பியிருக்கிறார். போன வாரம் நான் போனபோது முதலாளி இதை என்னிடம் குறையாகச் சொல்லவில்லை. நோட்டைப் புரட்டி, கோடு இல்லாத இரண்டு கட்டங்களைத் தொட்டுக் காட்டினார். வியாபாரம் கூடியிருக்கிறதே என்றேன். "கூடியிருக்கிறது சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.

பழைய கட்டுரையிலிருந்து கடைக்கு வழி சொன்ன பத்தியை நேற்று எடுத்துவிட்டேன். உங்களுக்குத்தான் வழி தெரியுமே. அடுத்த முறை செவ்வாயோ புதனோ, பன்னிரண்டே காலுக்குள் போய்விடுங்கள். சுவரோர மேசை வேண்டாம், அது ஷெட்டுக்கு. சாம்பாரைக் கொஞ்சமாக வாங்கிக்கொண்டு ரசத்துக்குச் சோற்றை மிச்சம் வையுங்கள். சம்பல் இரண்டாம் முறை கேட்டால் வைப்பார்கள், மூன்றாம் முறை வைக்கமாட்டார்கள்.