பிரைஸ் யங் ஏமாற்றமா?

2023இல் தொடக்க வீரராக இறங்கிய 16 ஆட்டங்களில் இரண்டே வெற்றி என்பதை மட்டும் வைத்து, அமெரிக்கக் கால்பந்தில் குவாட்டர்பேக்காக (பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவராக) ஆடும் பிரைஸ் யங்கை ஏமாற்றம் என நீங்கள் முடிவுகட்டுவது அவசரம். கொடுத்த விலைக்கு ஏமாற்றம் என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

டிராஃப்டில், அதாவது அணிகள் புதிய வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் முறையில், முதலிடத்தைப் பெற்று யங்கை எடுக்க, கரோலினா பாந்தர்ஸ் அணி பந்தைப் பிடிக்கும் வீரரான டி. ஜே. மூரையும் சேர்த்தே சிகாகோ அணிக்குக் கொடுத்துவிட்டது. பந்தைப் பிடிக்க முப்பதைக் கடந்த ஆடம் தீலனையே நம்பி, தன்னைக் காக்கவேண்டிய ஓட்டையான முன்வரிசைக்குப் பின்னால் நின்ற யங், அந்த ஒரே பருவத்தில் 62 முறை, வீசுவதற்குள் பந்தோடு எதிரணியினரால் வீழ்த்தப்பட்டார்.

2024இல் இரண்டு ஆட்டங்களுக்குப் பின் உட்காரவைக்கப்பட்டுத் திரும்பியபின் அவர் ஆடியவற்றைத் தனியாகப் பாருங்கள். எதிரணியினர் நெருங்கும்போது அவர் பின்வாங்குகிறாரா, முன்னே அடியெடுத்து வீசுகிறாரா என்பதே கேள்வி.

ஆனால் அந்த 62ஐயும் முன்வரிசையின் தலையில் கட்டிவிடாதீர்கள். அவரே தாமதித்ததால் வந்தவையும் அதில் உண்டு.