மாசி வீதி வீட்டு முகப்பு: சிமெண்ட் பூச வேண்டாம்

வணக்கம். மதுரை வடக்கு மாசி வீதியில் தொண்ணூறு வருட வீடு, முகப்பில் காரை உதிர்கிறது, முழுக்கக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசலாம் என்று மேஸ்திரி சொல்கிறார், சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள்.

அந்தக் காலத்துச் சுவர் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. செங்கல்லில் ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியே தானாகக் காய்ந்துவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். உப்புப் பூத்து, செங்கல்லே பொடியும். எங்கள் தாத்தா வீட்டில் அப்படித்தான் ஆனது. மூன்றாவது மழைக்கே பூச்சு பலகையாகக் கழன்று விழுந்தது.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மாடித் தண்ணீர்க் குழாய் சுவரில் வழிகிறதா? அதைச் சரிசெய்யாமல் எதைப் பூசியும் பயனில்லை. அப்புறம் சுவரைத் தட்டிப் பார்த்து, பொள்ளல் சத்தம் கேட்கும் இடத்தை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். நீற்றிய சுண்ணாம்பும் மணலும் அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்துப் பூசுவதுதான் பழைய முறை. பூசியபின் சில நாள் ஈரச் சாக்கு போட்டு வையுங்கள், வெயிலில் சடாரென்று காய்ந்தால் வெடித்துவிடும். மேலே சுண்ணாம்பு வெள்ளைதான். பிளாஸ்டிக் பெயிண்ட் கூடாது.

மேலே அறை எழுப்பும் யோசனை இருக்கிறது என்றீர்களே, மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் 9 மீட்டர் உயரக் கட்டுப்பாடு உண்டு. மாநகராட்சியில் கேட்காமல் செங்கல் இறக்காதீர்கள். திண்ணை மரத்தூண்களை விற்றுவிடாதீர்கள், அடி மட்டும் அரித்திருந்தால் அந்தத் துண்டை மாற்றினால் போதும்.