காருக்கு ஆகாத பேட்டரி, மின்கட்டமைப்புக்கு ஆகுமா?

கேள்வி: மின்சாரக் கார்களில் தேய்ந்துபோன பேட்டரிகளைக் கழற்றி மின்கட்டமைப்பில் இணைக்கிறார்களாமே? காரையே இழுக்க முடியாதது, ஊருக்கு எப்படி உதவும்?

பதில்: தாராளமாக உதவும். புதிதில் இருந்த கொள்ளளவில் 70, 80 சதவீதத்துக்கு இறங்கியதும் பொதுவாகக் கார் பேட்டரியை மாற்றச் சொல்கிறார்கள். காரில் இடமும் எடையும் அளவோடுதான் இருக்க முடியும், ஒரு சார்ஜில் ஓடும் தூரம் குறைந்தால் ஓட்டுபவருக்குக் கஷ்டம். தரையில் ஒரு கன்டெய்னருக்குள் இருக்கும் பேட்டரிக்கு அந்த நெருக்கடி கிடையாது, கொள்ளளவு போதவில்லையா, இன்னும் சில பெட்டிகளைச் சேர்த்துக்கொள்ளலாம்.

மின்கட்டமைப்பில் உற்பத்தியும் பயன்பாடும் நொடிக்கு நொடி சமமாக இருக்க வேண்டும். ஒரு பெரிய மின்நிலையம் திடீரென நின்றால் அதிர்வெண், அதாவது மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற கணக்கு, நிற்க வேண்டிய 50 ஹெர்ட்ஸிலிருந்து (சில நாடுகளில் 60) சரியத் தொடங்கும், அனல்மின் நிலையம் உற்பத்தியைக் கூட்டிச் சமாளிக்க நிமிடக்கணக்கில் ஆகும், பேட்டரியோ ஒரு நொடிக்குள் மின்சாரத்தைத் தள்ளிவிடும். இதில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் மெலில்யா. வட ஆப்பிரிக்கக் கரையில் இருக்கும் ஸ்பெயின் நகரம் அது, தாய்நாட்டு மின்கட்டமைப்போடு இணைப்பே இல்லை. அங்குள்ள மின்நிலையத்தில் 78 நிசான் லீஃப் கார் பேட்டரிகளை வைத்தார்கள், அதில் 48 ஏற்கெனவே காரில் ஓடியவை. உற்பத்தி தடைபட்டால் 4 மெகாவாட் வரை கொடுத்துச் சுமார் கால் மணி நேரம் தாங்கும். நிலையத்தை மறுபடி கிளப்ப அது போதும். ஆம்ஸ்டர்டாமின் கால்பந்து அரங்கத்திலும் 2018 முதல் பழையதும் புதியதுமாகக் கலந்து 3 மெகாவாட் அமைப்பு இருக்கிறது.

கேள்வி: அப்புறம் ஏன் இது எல்லா இடத்துக்கும் வரவில்லை?

பதில்: பேட்டரியின் கடந்தகாலம் தெரியாததுதான் முதல் காரணம். எத்தனை முறை வேக சார்ஜ் போட்டார்கள், எவ்வளவு வெப்பத்தில் நின்றது, விபத்தில் அடிபட்டதா, இதெல்லாம் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. தொடராக இணைத்த செல்களில் ஒன்று பலவீனமாக இருந்தாலும் மொத்த வரிசையும் அதன் அளவுக்குத்தான் வேலை செய்யும், உள்ளே பழுதிருந்தால் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. அதனால் ஒவ்வொன்றையும் சோதித்துத் தரம் பிரிக்க வேண்டும். அதற்குச் செலவாகும். இன்னொரு பக்கம் புதிய பேட்டரிகளின் விலை மளமளவென்று இறங்கிவிட்டது, சோதனைச் செலவைக் கூட்டினால் பழையதில் லாபம் சுருங்கிவிடுகிறது.

கார் நிறுவனங்கள் பேட்டரியின் தரவுகளைப் பூட்டி வைத்திருப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அந்தத் தரவு கையில் இருந்தால் பாதிச் சோதனை தேவைப்படாது. ஐரோப்பிய ஒன்றியம் 2027 பிப்ரவரியிலிருந்து மின்வாகன பேட்டரிகளுக்கு, அவற்றின் விவரங்களைச் சொல்லும் மின்னணுப் பதிவான டிஜிட்டல் பாஸ்போர்ட்டைக் கட்டாயமாக்குகிறது. மற்ற நாடுகளும் இதைச் சட்டமாகவே கொண்டுவர வேண்டும், நிறுவனங்களின் விருப்பத்துக்கு விட்டால் நடக்காது.

கேள்வி: நேராக மறுசுழற்சிக்கு அனுப்பினால் என்ன?

பதில்: சோதனையில் தேறாததை உடனே அனுப்பத்தான் வேண்டும். தேறியதை இன்னும் சில வருடம் உழைக்கவிட்டு அப்புறம் அனுப்பலாம், உள்ளே இருக்கும் லித்தியமும் நிக்கலும் எங்கேயும் போய்விடாது.