அப்பா லஞ்சம் கொடுத்தார் என்று வகுப்பில் பையன் சொன்னால்

வணக்கம் சகோதரி. "சான்றிதழுக்கு எங்கப்பாவே லஞ்சம் கொடுத்தாரே, அவர் பாவியா?" என்று கடலூரில் உங்கள் மறைக்கல்வி வகுப்புப் பையன் கேட்டதற்குப் பதில் சொல்ல முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். புதுச்சேரியில் எனக்கும் இதே கேள்வி வந்தது. பிள்ளைகள் முன்னால் அப்பாவுக்குத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். அடுத்த ஞாயிறு அவன் வாயே திறக்க மாட்டான்.

விவிலியத்தில் லூக்கா 19-ல் வரும், வரி வசூலித்துப் பணக்காரரான சக்கேயுவிடம் போங்கள். நான் பலகையில் 100 ரூபாய் என்று எழுதி, பாதிச் சொத்தை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று சக்கேயு இயேசுவிடம் சொன்னாரே, கணக்குப் போடுங்கள் என்றேன். 400 என்று எழுதியதும் ஒரு பெண், "ஏற்கெனவே பாதிச் சொத்து ஏழைகளுக்கு. அப்புறம் அவர் கையில என்ன மிஞ்சும் சார்?" என்றாள். வகுப்பே அங்கேதான் சூடுபிடித்தது. மன்னிப்பு கேட்டால் மட்டும் போதாது, பணமும் திரும்பிப் போக வேண்டும் என்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள்.

சட்டத்தையும் சொல்லுங்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. அரசு அலுவலகத்திடம் தகவல் கேட்கும் தகவல் உரிமை மனு ஒன்றையும் எழுதிப் பழக்குங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். "என் விண்ணப்பம் யார் மேசையில், எத்தனை நாளாக இருக்கிறது?" என்ற ஒரு கேள்வி போதும்.

அந்த அப்பாவைத் தனியே பாருங்கள். எத்தனை நடை அலைந்த பிறகு கொடுத்தார் என்று முதலில் கேளுங்கள்.